கட்டிப்பிடித்து முடிந்த நாடகமும் ஒரு சட்டைப் பையும்

எங்கள் முதல் நாடகம் இரண்டு தாய்மார் கட்டிப்பிடித்துக்கொள்வதில் முடியும். ஒருத்தி இந்தப் பக்கத்துக்காரி, இன்னொருத்தி அந்தப் பக்கத்துக்காரி. இருவரும் சண்டையில் மகனைப் பறிகொடுத்தவர்கள். நாற்பது நிமிடம் வாக்குவாதம், அப்புறம் ஒரு நீண்ட அமைதி, அப்புறம் மெல்ல நடந்து வந்து ஒருவர் தோளில் ஒருவர் முகம் புதைப்பார்கள். விளக்கு அணையும். ஒத்திகையிலேயே எங்களுக்குக் கண் கலங்கியது. பார்க்கிறவர்களுக்கும் கலங்கும் என்று நம்பினோம்.

கலங்கத்தான் செய்தது. முதல் இரண்டு நிகழ்ச்சியிலும் நல்ல கைதட்டல். மூன்றாவது நிகழ்ச்சியில், தாய்மார் இருவரும் நடக்கத் தொடங்கிய நேரம் பார்த்து முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழுந்து வெளியே போய்விட்டார். நான் பின்னாலேயே ஓடினேன். வாசல் படியில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

"உடம்புக்கு முடியலையாம்மா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்லை தம்பி. என் பிள்ளை எங்கேன்னு இன்னும் ஒருத்தரும் சொல்லலை. அதுக்குள்ள நீங்க கட்டிப்பிடிக்க வெச்சிட்டீங்க."

அவ்வளவுதான் சொன்னார். போய்விட்டார். உள்ளே கைதட்டல் கேட்டது.

இது நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. சண்டை ஓய்ந்த இடங்களில் நாடகமும் தையலும் சுவர் ஓவியமும் வைத்து வேலை செய்கிற ஒரு சின்னக் குழு எங்களுடையது. ஊர்ப் பெயர்களையோ ஆட்களின் பெயர்களையோ இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் யார் எவர் என்று கண்டுபிடித்துவிடலாம், கண்டுபிடிக்க விரும்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிற இளைஞர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

அந்த முடிவை யார் கேட்டார்கள் என்று அன்றிரவு குழுவாக உட்கார்ந்து யோசித்தோம். பாதிக்கப்பட்டவர் ஒருவரும் கேட்கவில்லை. பணம் தந்தவர்களுக்கு நல்லிணக்கம் என்று எழுதிக்கொள்ள ஒரு காட்சி தேவைப்பட்டது. எங்களுக்குக் கைதட்டல் தேவைப்பட்டது. சண்டையில் எதையும் இழக்காத பார்வையாளர்களுக்கு, எல்லாம் முடிந்துவிட்டது என்ற நிம்மதி தேவைப்பட்டது. நல்லிணக்கம் என்ற சொல்லை அந்த அம்மா இன்றுவரை உச்சரித்து நான் கேட்டதில்லை. அவர் சொல்கிற சொல் ஒன்றுதான்: பதில்.

ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2005-இல் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகள் இருக்கின்றன. பெரும் உரிமை மீறல்களுக்கு ஆளானவர்களுக்கு என்னென்ன செய்து கொடுக்க வேண்டும் என்று அவை பட்டியலிடுகின்றன. நினைவேந்தலும் அஞ்சலியும் அதில் உண்டு. ஆனால் அதே தலைப்பின் கீழ், அவற்றுக்கு முன்னாலேயே, உண்மையைக் கண்டறிந்து வெளியே சொல்வதும் காணாமல் போனவர்களைத் தேடுவதும் வருகின்றன. இந்த வரிசையை நான் மிகத் தாமதமாகத்தான் படித்தேன். முதலிலேயே படித்திருந்தால் அந்த நாடகத்தை எழுதியிருக்க மாட்டேன். சிலை வைத்தாயிற்று, நாடகம் போட்டாயிற்று, இனிமேல் ஏன் தோண்டுகிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்குக் கலை எவ்வளவு வசதியான சாக்கு என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சரி, அப்புறம் என்ன செய்தோம்?

முடிவை வெட்டிவிட்டோம். பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் உருவாக்கிய விவாத அரங்கு முறைக்கு மாறினோம். பிரச்சினை முற்றுகிற இடத்தில் நாடகம் நின்றுவிடும். பார்த்துக்கொண்டிருப்பவர் யாராவது எழுந்து வந்து, நடிகரை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் தான் என்ன செய்திருப்பேன் என்று நடித்துக் காட்டலாம். எங்கள் புதிய நாடகத்தில் கட்டிப்பிடித்தல் இல்லை. ஒரு தாய், கையில் புகைப்படம், எதிரே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் ஒரு அதிகாரி. "கோப்பு இங்கே இல்லை, அடுத்த வாரம் வாங்க" என்பார் அவர். அங்கேயே நாடகம் நிற்கும்.

கூட்டம் வரிசையாக எழுந்து வந்தது. ஒருவர் அதிகாரியைத் திட்டினார். ஒருவர் கெஞ்சினார். ஒரு தாத்தா தாயின் இடத்தை எடுத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல் மேசைக்கு முன்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதிகாரியாக நடித்த எங்கள் பையனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அரங்கு சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் பின்னாலிருந்து ஒரு பெண், "இவருக்கு மேல யார்? அவர்கிட்ட எழுத்துல கேட்டா ரசீது குடுக்கணுமில்ல?" என்றார். அன்று நாடகம் முடிந்தபோது ஒரு சிறு கூட்டம் மேடையோரத்தில் நின்று, யாருக்கு மனு எழுதுவது, நகல் எத்தனை எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தது. கைதட்டல் குறைவுதான். ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்த நான்கு பேர் அடுத்த மாதமே மனு கொடுத்தார்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த அரங்கை நடத்துகிறவர், மேடையில் யாராவது துணிச்சலான வழியைக் காட்டிவிட்டால் சந்தோஷத்தில் அதைக் கொண்டாடிவிடக் கூடாது. "இதை நாளைக்கு நிஜமாகச் செய்தால் உங்களுக்கு என்ன ஆகும்?" என்று கூட்டத்திடம் திருப்பிக் கேட்க வேண்டும். மேடையில் அதிகாரியை எதிர்ப்பதற்கு விலை கிடையாது.

கலை என்றாலே நல்லது என்ற எண்ணத்தோடு வருகிறவர்களிடம் நான் முதலில் ருவாண்டாவைப் பற்றிப் பேசுவேன். 1994-இல் இனப்படுகொலை நடந்தபோது அங்கே ஒரு வானொலி நிலையம் பாட்டும் நகைச்சுவையும் கலந்துதான் வெறுப்பைப் பரப்பியது. சலிப்பூட்டும் பிரச்சாரமாக இருந்திருந்தால் அவ்வளவு பேர் கேட்டிருக்க மாட்டார்கள். சிமோன் பிகிந்தி என்ற புகழ்பெற்ற பாடகருக்கு ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயம் 2008-இல் பதினைந்து ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. பாடல்களுக்காக அல்ல, ஒலிபெருக்கியில் கொலைக்குத் தூண்டிப் பேசியதற்காக. ஆனாலும் அவர் பாடல்கள் அந்த நாட்களில் எப்படிப் பயன்பட்டன என்பதை விசாரணை நீளமாகவே அலசியது. ஆக, நம் கையில் இருப்பது இரண்டு பக்கமும் வெட்டுகிற கத்தி.

அதே நாட்டில் 2004-இல் ஒரு வானொலித் தொடர் தொடங்கியது. இனப்பெயர் எதையும் சொல்லாமல், பகை கொண்ட இரண்டு கற்பனைக் கிராமங்களின் கதையாக அதை அமைத்தார்கள். எலிசபெத் லெவி பலக் என்ற உளவியல் ஆய்வாளர் ஒரு வருடம் இதை ஆராய்ந்தார். சில இடங்களில் மக்கள் இந்தத் தொடரைக் கேட்டார்கள், வேறு இடங்களில் உடல்நலம் பற்றிய ஒரு தொடரைக் கேட்டார்கள். 2009-இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு என்னை உலுக்கிவிட்டது. தொடரைக் கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. மாறியது, ஊரில் எது ஏற்கத்தக்கது என்று அவர்கள் போட்டு வைத்திருந்த கணக்கு. எதிர்க்கருத்தை வாய்விட்டுச் சொல்வது, மற்ற பக்கத்தாரோடு சேர்ந்து ஒரு காரியம் செய்வது, இவற்றுக்கு இடம் உண்டு என்று நினைக்க ஆரம்பித்தார்கள்.

அதைப் படித்த பிறகு ஒருவருடைய மனதை மாற்றுகிறேன் என்று நான் சொல்வதில்லை. மனசு அவரவர் சொத்து. ஒரே அறையில் இரண்டு பக்கத்தாரும் உட்காரலாம், அதை ஊர் பார்த்தாலும் ஒன்றும் ஆகாது என்ற நிலையை உண்டாக்க முடிந்தால் அதுவே பெரிய வேலை. நிதி கொடுத்தவர்கள் அனுப்பிய படிவம் ஒன்றில், "எத்தனை பங்கேற்பாளர்களின் மனப்பான்மை மாறியது?" என்று ஒரு கட்டம் இருந்தது. நான் அதில் கோடு போட்டு, எத்தனை பேர் இரண்டாவது முறையும் வந்தார்கள் என்ற எண்ணிக்கையை எழுதி அனுப்பினேன். திட்டு வாங்கினேன். அடுத்த வருடம் படிவத்தில் இரண்டு கட்டமும் இருந்தது.

தங்கள் கதையைத் தாங்களே மேடையில் சொல்வது பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் விசாரணைகள் 1996-இல் தொடங்கின. அந்தக் காலத்தில் குலுமனி என்ற பாதிக்கப்பட்டோர் அமைப்பைச் சேர்ந்த சிலர் தங்கள் வாழ்க்கையையே நாடகமாக்கி, தாங்களாகவே மேடையேறினார்கள். ஆணையத்தின் முன் ஒருமுறை சொன்னதை அவர்கள் மேடையில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். அதிலிருந்த துணிச்சல் எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் குழுவில் அதை முயன்று பார்த்த ஒரு இளம்பெண் ஐந்தாவது நிகழ்ச்சிக்குப் பிறகு என்னிடம் சொன்னாள்: "அண்ணா, எந்த இடத்துல நிறுத்தினா ஜனம் அழும்னு எனக்கு இப்போ தெரியுது. நானும் அங்கேயே நிறுத்தறேன். இது என் அப்பா கதை மாதிரியே இல்லை."

அதோடு நிறுத்திவிட்டோம். இப்போது யார் கதையையும் அவரே மேடையில் சொல்வதில்லை. வேறொருவர் சொல்வார், கதைக்காரர் விரும்பினால் பார்வையாளர்களோடு உட்கார்ந்திருப்பார், விரும்பாவிட்டால் வரவே வேண்டாம். ஒப்புதலை இரண்டு முறை கேட்கிறோம். கதை சொன்ன அன்று ஒருமுறை, ஒரு இரவு தூங்கி எழுந்த பிறகு இன்னொருமுறை. அந்த இரண்டாவது கேள்விக்கு வேண்டாம் என்று சொல்கிறவர்கள் நீங்கள் நினைப்பதை விட அதிகம். நிகழ்ச்சி நாளன்று மனம் மாறினாலும் காட்சி நீக்கப்படும். பத்து நிமிடம் குறைவாக ஓடினால் நாடகம் செத்துவிடாது. செல்பேசியில் படம் எடுப்பதை வாசலிலேயே தடுத்துவிடுகிறோம். அழுகிற ஒரு முகம் கைபேசி கைபேசியாகச் சுற்றி, கடைசியில் அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்த கதை எங்களிடம் உண்டு.

இன்னொரு விஷயம் தைப்பதற்கு உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

நாடகம் பேச்சை நம்பியிருக்கிறது. பேச்சு எல்லோருக்கும் வருவதில்லை. சிலியில் 1973 ராணுவக் கவிழ்ப்புக்குப் பிறகு, கைதாகிக் காணாமல் போனவர்களின் மனைவிமாரும் தாய்மாரும் சாக்குத் துணியில் கந்தல் துணிகளை ஒட்டித் தைத்துப் படங்கள் செய்தார்கள். சிறை வாசல், வெறும் நாற்காலி, புகைப்படம் ஏந்திய பெண்கள். தேவாலயத்தின் உதவி அமைப்பு ஒன்று அவற்றை வெளிநாடுகளில் விற்றுக் கொடுத்தது. பார்க்கிறவர்களுக்கு அது வெறும் பெண்கள் கைவேலை, அதனால் தணிக்கைக்காரர்கள் கண்ணில் கொஞ்ச காலம் படவில்லை. தையல் தெரியும், வீட்டில் துணி இருக்கிறது, கையில் வேலை இருக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. இந்த ஒரு வசதிக்காகவே நாங்களும் தையலுக்கு வந்தோம்.

வாரம் ஒரு நாள், இரண்டு பக்கத்துப் பெண்கள், ஒரு நீள மேசை. முதல் மாதம் மேசையின் நடுவே ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடைவெளி இருந்தது. இரண்டு பக்கத்தாரும் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாவது வாரம் ஒரு வயதானவர், கண் மங்கல், எதிர்ப் பக்கத்து இளையவளிடம் ஊசியை நீட்டி, "இதுல நூல் கோத்துக் குடும்மா" என்றார். அவள் எச்சில் தொட்டுக் கோர்த்துக் கொடுத்தாள். அதுதான் அந்த மேசையில் நான் கேட்ட முதல் பேச்சு. அதை ஒரு பெரிய திருப்பமாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அடுத்த வாரமும் அந்த இடைவெளி அப்படியேதான் இருந்தது.

நாடகத்திலிருந்து எழுந்து போன அம்மாவும் அந்த மேசைக்கு வந்தார். நான் அழைக்கவில்லை, பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்தார். என்னைப் பார்த்து, "இதுல யாரையும் கட்டிப்பிடிக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். இல்லையம்மா என்றேன்.

இங்கேதான் நாங்கள் இரண்டாவது பெரிய தவறைச் செய்யப்போனோம். சிலியில் சில பெண்கள் காணாமல் போனவர்களின் சொந்த உடையிலிருந்தே துணி வெட்டித் தைத்தார்கள் என்று கேள்விப்பட்டு, எங்கள் பெண்களிடமும் அப்படிக் கொண்டு வரச் சொல்லிவிட்டோம். அந்த அம்மா ஒரு சட்டையைக் கொண்டு வந்தார். வெள்ளையில் மெல்லிய சாம்பல் நிறக் கோடு. ஒரே துணியில் மகனுக்கு இரண்டு சட்டை தைத்திருக்கிறார். ஒன்றைப் போட்டுக்கொண்டுதான் அவன் வீட்டை விட்டுப் போனான். மிச்சம் இருந்தது இது. கத்தரிக்கோல் மேசையில் இருந்தது.

அன்று தற்செயலாக எங்கள் வழக்கறிஞர் தோழி வந்திருந்தார். சட்டையைப் பார்த்ததும், "அந்தத் துணியை யாரும் தொடாதீங்க" என்று சத்தம் போட்டார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் சொன்னது இதுதான்: நாளைக்கு எங்காவது தோண்டி எலும்பும் துணியும் கிடைத்தால், ஒப்பிட்டுப் பார்க்க இந்தச் சட்டையைத் தவிர வேறு எதுவும் இல்லாமல் போகலாம். துணியின் நெசவு, கோட்டின் அகலம், பொத்தான், கைத்தையல், எல்லாமே அடையாளம். போஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சா படுகொலைக்குப் பிறகு, புதைகுழிகளில் கிடைத்த உடைகளையும் பொருட்களையும் படம் பிடித்துப் புத்தகமாக்கிக் குடும்பங்களிடம் காட்டியிருக்கிறார்கள். பெருவில் புதைகுழிகளிலிருந்து எடுத்த உடைகளைத் துவைத்துக் காயவைத்துப் பரப்பி, உறவினர்களை வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு தாய் ஸ்வெட்டரின் பின்னலைப் பார்த்துத் தன் பிள்ளையை அடையாளம் சொல்லக்கூடிய இடத்தில், நாங்கள் கலைக்காக அதை வெட்டப் பார்த்தோம்.

சட்டையைத் துவைக்காமல் காகித உறையில் போட்டு, உறையின் மேல் தேதியும் கொண்டு வந்தவர் பெயரும் எழுதி, திரும்பக் கொடுத்தோம். பிளாஸ்டிக் பையில் வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், அதனால் காகிதம். வீட்டில் காணாமல் போனவர்கள் பயன்படுத்திய சீப்பு, பல் துலக்கும் தூரிகை போன்றவை இருந்தாலும் அப்படியே விட்டுவிடச் சொன்னோம். இந்த வேலைக்கு வருகிற ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் நான் இதைக் கெஞ்சிக் கேட்பேன்: அசல் பொருளைத் தொடாதீர்கள். அதுபோல ஒன்றைச் செய்யுங்கள்.

அதனால் அதே மாதிரிக் கோடு போட்ட துணி தேடி வாங்கி வந்தோம். அந்த அம்மா சட்டைப் பையை மட்டும் செய்யப்போவதாகச் சொன்னார். துணியை நாலு விரல் அகலத்துக்கு அளந்து, ஓரத்தை மடித்து நகத்தால் அழுத்தி, சாக்குத் துணியின் மேல் வைத்து ஓட்டுத் தையல் போட ஆரம்பித்தார். வெள்ளை நூல். மூன்று பக்கம் தைத்து வந்தார். கீழ் மூலை வந்ததும் நூலை அறுத்துவிட்டு, நூல்கண்டுப் பெட்டியில் கைவிட்டு, நீல நூலை எடுத்து ஊசியில் கோர்த்தார். அந்த மூலையில் மட்டும் நெருக்கமாக ஏழெட்டுத் தையல்.

பக்கத்தில் இருந்த பெண், "ஏம்மா, வெள்ளை இருக்கே, எதுக்கு நீலம்?" என்று கேட்டாள்.

"அன்னைக்கு வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு. பை ஓரம் கிழிஞ்சிருந்தது, நீலத்துல தெச்சுக் குடுத்தேன். அசிங்கமா இருக்குன்னு சொன்னான். உள்பக்கம்தானே, யார் பாக்கப்போறா, போட்டுட்டுப் போன்னு..." அங்கே நிறுத்தினார். ஊசி கையில் அப்படியே இருந்தது.

அவர் அதுவரை ஐந்து இடங்களில் வாக்குமூலம் கொடுத்திருந்தார். ஒன்றிலும் இந்த நீல நூல் இல்லை. என்ன சட்டை என்று கேட்டிருக்கிறார்கள், கோடு போட்ட வெள்ளைச் சட்டை என்று சொல்லியிருக்கிறார். கிழிசல் பற்றி யாரும் கேட்கவில்லை, அவருக்கும் நினைவில் இல்லை. கை தைக்கப் போனபோதுதான் வந்தது.

எல்லோரும் அந்த அம்மாவைச் சூழ்ந்துகொள்ளப் பார்த்தார்கள். எங்கள் குழுவில் மனநல ஆலோசகர் ஒருவர் எப்போதும் இருப்பார், அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அம்மாவிடம் தண்ணீர் கொடுத்து, வெளியே காற்றாட உட்காருகிறீர்களா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சத் தையலை முடித்தார். வழக்கறிஞர் தோழி அன்றே, யார் யார் இருந்தார்கள், எத்தனை மணி, எந்தச் சொற்களில் சொன்னார் என்று குறித்து வைத்தார். பட்டறையில் தோன்றிய நினைவை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் சும்மா விடமாட்டார், நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதானே என்று கேட்பார். அதனால் அன்றைக்கே குறித்து வைத்தது அவசியம். அதே காரணத்துக்காக இப்போதெல்லாம், வழக்கு நடக்கிற குடும்பத்தார் எங்களிடம் வந்தால், முதலில் சட்டபூர்வமான வாக்குமூலம், பிறகுதான் நாடகமோ தையலோ. கதையை அழகாக்குவது எங்கள் தொழில். அழகான கதையில் தேதிகள் இடம் மாறும், இரண்டு நாள் ஒரு நாளாகும். மேடைக்கு அது நல்லது, சாட்சிக்கூண்டில் அது பொய்யாகிவிடும்.

கம்போடிய ஓவியர் வான் நாத்தை இங்கே நினைத்துக்கொள்வேன். 1970-களில் கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் ஆட்சியில் துவோல் ஸ்லெங் சிறையில் அடைபட்டு, தலைவரின் உருவப்படம் வரையத் தெரிந்ததால் மட்டும் உயிர் பிழைத்தவர். பின்னாளில் அந்தச் சிறையில் நடந்த சித்திரவதைகளை ஓவியமாக வரைந்தார், அவை அங்கேயே காட்சியில் இருக்கின்றன. ஆனால் சிறையின் தலைவனாக இருந்த டுச் மீதான வழக்கில் 2009-இல் அவர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஓவியம் இருக்கிறதே என்று நீதிமன்றம் விட்டுவிடவில்லை, விடவும் கூடாது.

பெயர்கள் விஷயத்தில் எனக்குச் சொல்வதற்கு வெற்றிக் கதை இல்லை. ஒரு சுவரில் இறந்தவர்களின் பெயர்களை எழுதுவதாகத் திட்டம். ஒருவர் தன் அண்ணன் பெயரையும் எழுதச் சொன்னார். அந்த அண்ணன் ஆயுதம் ஏந்தியவர், ஊரில் சிலரைக் கொன்றவர் என்ற குற்றச்சாட்டு உண்டு, பிறகு பிடிபட்டுக் கொல்லப்பட்டவர். பெருவில் லீமா நகரில் 2005-இல் திறந்த நினைவிடம் ஒன்றில் ஆயிரக்கணக்கான கற்களில் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. சிறையில் கொல்லப்பட்ட, ஒளிரும் பாதை என்ற ஆயுத இயக்கத்தவரின் பெயர்களும் அதில் இடம்பெற வேண்டும் என்ற நிலையை அமெரிக்க நாடுகளிடை மனித உரிமை நீதிமன்றத்தின் 2006 தீர்ப்பு உண்டாக்கியது. ஊர் கொந்தளித்தது, 2007-இல் நினைவிடத்தைச் சுத்தியலால் உடைத்து ஆரஞ்சு வர்ணம் ஊற்றினார்கள். எங்கள் பிரச்சினை அதற்கு முன்னால் தூசு. ஆனாலும் தீர்க்க முடியவில்லை. இரண்டு மாதம் பேசிக் களைத்து, பெயரே வேண்டாம், "எல்லோருக்கும்" என்று எழுதிவிடலாம் என்றேன். இரண்டு பக்கமும் ஒரே குரலில் மறுத்தது. "எல்லாருக்கும்னு எழுதினா ஒருத்தருக்கும் இல்லைன்னு அர்த்தம்" என்றார் ஒரு பெரியவர். சுவர் வெள்ளையடித்தபடியே இருக்கிறது. பிள்ளைகள் அதில் பந்தடித்து விளையாடுகிறார்கள்.

பெயரில்லாமல் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் செய்தவர்கள் உண்டு. போஸ்னியத் தலைநகர் சாராயேவோவில் போர்க்கால முற்றுகை தொடங்கி இருபது ஆண்டு நிறைந்த 2012 ஏப்ரல் 6 அன்று, நகரின் முக்கிய வீதியில் 11,541 சிவப்பு நாற்காலிகளை வரிசையாகப் போட்டார்கள், இறந்தவர் ஒருவருக்கு ஒன்று. குழந்தைகளுக்குச் சின்ன நாற்காலிகள். வழிப்போக்கர்கள் அவற்றில் பொம்மைகளை வைத்துவிட்டுப் போனார்கள். கொலம்பியாவில் டோரிஸ் சால்செடோ என்ற சிற்பி, கொரில்லாப் போராளிகள் ஒப்படைத்த 37 டன் ஆயுதங்களை உருக்கி 2018-இல் ஒரு கட்டடத்துக்குத் தரை போட்டார். தரை ஓடுகளுக்கான அச்சுத் தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்து உருவாக்கியவர்கள் போரில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்கள். அந்தச் சுத்தியல் அடிகளைப் பற்றி நான் அடிக்கடி யோசிப்பேன். அவர்களை யாரும் மன்னிக்கச் சொல்லவில்லை. அடிக்கச் சொன்னார்கள்.

எங்கள் சாக்குத் துணி ஒருவழியாக முடிந்து, காட்சிக்குப் போனது. முப்பத்தொரு துண்டுகள் சேர்த்துத் தைத்தது. அதன் உரிமை யாருக்கு என்பதை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம்: ஒவ்வொரு துண்டும் தைத்தவருக்குச் சொந்தம், எப்போது வேண்டுமானாலும் பிரித்து எடுத்துக்கொள்ளலாம். குழுவோ நிதி கொடுத்தவரோ விற்கவோ வேறு எங்கும் அனுப்பவோ முடியாது. நிகழ்ச்சி நடத்திய இடத்துக்காரர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். ஆனால் இரண்டாவது காட்சிக்கு முன்னால் அந்த அம்மா வந்து தன் துண்டைப் பிரித்து எடுத்துக்கொண்டார். அங்கே ஓட்டை விழுந்தது. அதை மூடாமல் அப்படியே மாட்டினோம்.

எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த இளையவளோடு பழக்கம் உண்டாயிற்றா என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். "நல்ல பொண்ணுதான். வர்றப்போ எனக்கு இடம் பிடிச்சு வெப்பா. அதுக்காக அவங்க ஆளுங்க செஞ்சது இல்லைன்னு ஆயிடுமா?" என்றார். அவள் இப்போதும் அவரோடு மனு கொடுக்கிற அலுவலகத்துக்குப் போய் வருகிறாள் என்பதை வேறொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. போன மாதம் கூடுதல் வாக்குமூலத்தின் நகல் கிடைத்ததும் அதை எடுத்துக்கொண்டு அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனேன். அவருக்கு இப்போது எழுத்து சரியாகத் தெரிவதில்லை. நான் படித்தேன்: "சட்டைப் பையின் கீழ் மூலை உட்புறமாக நீல நிற நூலால் தைத்துச் சரிசெய்யப்பட்டிருந்தது."

இன்னொருமுறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

"நீலம்னு மட்டும் போட்டிருக்காங்க தம்பி. வெளிர் நீலம். திருத்தச் சொல்லணும்" என்றார்.